தென்சிலுவையின் ஐந்தாவது விண்மீன்

ஏப்ரல் 16, ஞாயிறு

புதிய நோட்டு. பழையதில் ஆறு பக்கம் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் தென்சிலுவைப் பருவத்தைப் புது நோட்டில் தொடங்குவது மூன்று வருடப் பழக்கம். குழுவின் பதிவுத் தாளில் எண்களை மட்டும்தான் எழுத வேண்டும். மற்றதெல்லாம் இங்கே.

எட்டே முக்காலுக்கு உப்பளச் சாலையில் நின்றேன். தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், இடப்பக்கம் சாய்ந்து எழுந்திருந்தது. சிலுவைக்கு நான்கு நட்சத்திரம் போதும். ஐந்தாவது ஒன்று உண்டு. அடிக்கும் வலக்கைக்கும் நடுவில், யாரோ ஊசியால் குத்திவிட்டு மறந்துபோனதைப் போல. எந்தக் கோயில் சிலுவையிலும் அதற்கு இடமில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

எங்கள் குழுவில் ஆளுக்கு ஒரு விண்மீன் கூட்டம். வெறும் கண்ணால் பார்த்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் ஒளிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் கூடினால் ஒளி குறைவு. மற்றவர் எண்ணைக் கேட்கக்கூடாது, நம்முடைய பழைய எண்ணையும் திருப்பிப் பார்க்கக்கூடாது. தாளை மடித்துச் செயலாளர் தனுஷ்கோடி அண்ணாச்சி வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அண்ணாச்சி மின்வாரியத்தில் லைன்மேன். நான் பார்க்கிற நாட்களில் எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை உப்பளச் சாலை விளக்குகள் எரியாது. யாரிடம் அனுமதி வாங்கினார் என்று நாங்கள் கேட்பதில்லை.

எனக்குத் தென்சிலுவை கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் எல்லோரும் கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு எண்ணுவார்கள். குழுவில் சேர்ந்த அன்று நான் ஒன்பது எண்ணினேன். அண்ணாச்சி படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “இது கண்ணா கேமராவா?” என்றார்.

இன்று ஐந்தாவதற்கு 4.0 கொடுத்தேன். பனிமூட்டம்.

திரும்பும்போது ஸ்கூட்டியை ஓர் உப்பு அம்பாரத்தில் ஏற்றிவிட்டேன். காயமில்லை. வண்டியின் ஹேண்டில் கொஞ்ச நாளாகவே சரியில்லை.

ஏப்ரல் 19, புதன்

4.2. கடல் பக்கம் மூட்டம்.

ஏப்ரல் 22, சனி

இந்த வாரத்தில் நான்காவது முறையாகப் பொன்னாங்கண்ணிக் கீரை. நேற்று ஆட்டு ஈரல். அதற்கு முந்தைய நாள் முருங்கைக்கீரை.

“எம்மா, கீரக்காரிக்கு ஏதும் வாக்குக் குடுத்திருக்கியா?”

“ஒடம்புக்கு நல்லதுளா. பேசாமத் தின்னு.”

வாசற்படி மூன்றின் விளிம்பிலும் அம்மா சுண்ணாம்பு அடித்திருக்கிறாள். எறும்பு ஏறாதாம். கொல்லைப்புறப் படியிலும், குளியலறை நிலைப்படியிலும்கூட. இவ்வளவு எறும்பு எங்கள் வீட்டில் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 28, வெள்ளி

நூலகத்தில் இன்று ஒருவர் புத்தகத்தை நீட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். நான் பார்க்கவில்லை. “மேடம், கை வலிக்கி” என்றார். பக்கவாட்டில் வந்து நிற்கிறவர்கள் மீது எனக்கு இப்போதெல்லாம் ஒரு சின்னக் கோபம் வருகிறது. நேரே வந்தால் என்ன?

வேலை நேரத்தில் மரபுவழி நோய்கள் பற்றிய ஒரு நூலைப் பாதிவரை படித்தேன். வாசகர்கள் திருப்பித் தந்ததைப் படிப்பது என் கெட்ட பழக்கம். அடுக்கில் திரும்ப வைக்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் திறக்கவில்லை.

மே 3, புதன்

நிலா நாட்கள். பத்து நாளாகப் பார்வையிடல் இல்லை. குழுவில் எல்லோரும் நிலாவைத் திட்டுகிறார்கள். எனக்கு இந்த நாட்களில் தெருவில் நடப்பது சுகமாக இருக்கிறது.

மே 9, செவ்வாய்

நிலா பத்து மணிக்கு மேல்தான் வரும். நல்ல இருட்டு, மூட்டமே இல்லை. இருபத்தைந்து நிமிடம் நின்றேன். ஐந்தாவதின் கட்டத்தில் “தெரியவில்லை” என்று எழுதினேன்.

எழுதிவிட்டுத் தாளை நெடுநேரம் மடிக்காமல் வைத்திருந்தேன்.

மே 14, ஞாயிறு

அண்ணாச்சி வீட்டு மாடியில் மாதக் கூட்டம். ஏழு பேர் வந்திருந்தோம். டீ வருவதற்கு முன்பே அண்ணாச்சி ஒரு சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டினார். வரைதாளில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, படி இறங்குவதைப் போல.

“நம்ம கனி குடுத்த நம்பரு. ஒவ்வொரு வருசத்துக்கும் சராசரி போட்டேன். மொத வருசம் 3.6. புஸ்தகத்துலயும் அதான் இருக்கு. அடுத்த வருசம் 3.7. போன வருசம் 3.9. இந்த வருசம் 4.1, அப்புறம் செவ்வாக்கிழம தெரியவே இல்ல!” கோட்டின் கடைசிப் படியில் விரலை வைத்தார். “ஏ, ஒரு நட்சத்திரம் மங்கிக்கிட்டு வருது மக்கா. நம்ம ஊருல இருந்து கண்டுபிடிச்சிருக்கோம்.”

செல்போன் கடை வைத்திருக்கும் ஹமீது எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். “இனிமே ஒங்ககிட்ட டெம்பர் கிளாசுக்குக் காசு வாங்க மாட்டேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணாச்சி அறிக்கை எழுதப் போகிறார். இருபத்தெட்டாம் தேதி கூட்டத்தில் படித்துவிட்டு மாநிலச் சங்கத்துக்கு அனுப்புவார். ஒரு நாளிதழ் நிருபரும் அன்று வருகிறார். அறிக்கையில் முதல் பெயர் என்னுடையது.

நட்சத்திரங்கள் மங்குவது உண்டு. தூசு மறைக்கலாம், வீங்கிச் சுருங்கலாம். படித்திருக்கிறேன். ஆகவே இது நடக்கக்கூடியதுதான்.

மே 16, செவ்வாய்

எல்லோரும் உப்பளச் சாலைக்குப் போனோம். ஹமீது வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். சிலுவை கிட்டத்தட்ட நேராக நின்றது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணாச்சி, “பாத்தியளா, எப்பிடி மங்கிக் கெடக்கு!” என்றார். ஹமீது கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ஆமா அண்ணாச்சி, கம்மியாத்தான் இருக்கு” என்றான். மற்றவர்களும் ஆமோதித்தார்கள். முதலில் சொன்னவர் சொன்னதைத்தான் அடுத்தவர் கண் பார்க்கும். எழுதுவதற்கு முன் பேசக்கூடாது என்ற விதியே அதற்காகத்தான். இன்று அந்த விதி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ரெஜினா மட்டும் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மெடிக்கலில் வேலை பார்க்கும் பெண். குழுவில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கூட்டங்களில் வாயே திறக்கமாட்டாள்.

“எனக்கு நல்லாத் தெரியுதே அண்ணாச்சி” என்றாள். “பளிச்சினு. நேராப் பாத்தாலும் தெரியுது, கடைக்கண்ணால பாத்தாலும் தெரியுது. மூணு புள்ளி ஆறுதான் இருக்கும்.”

“நீ வேறெதையாவது பாத்திருப்ப.”

“இல்ல அண்ணாச்சி. அடிக்கும் வலது கைக்கும் நடுவுலதான.”

“ஏ பிள்ள, நீ வந்து நாலு மாசம். கனி கண்ணு எப்பேர்ப்பட்ட கண்ணுன்னு ஒனக்குத் தெரியாது. கார்த்திகையில ஒம்பது எண்ணின கண்ணு. பழகப் பழக ஒனக்கும் சரியாத் தெரியும்.”

ரெஜினா என்னைப் பார்த்தாள். அதாவது, அவள் முகம் என் பக்கம் திரும்பியது. இருட்டில் அவ்வளவுதான் தெரிந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை.

மே 17, புதன்

நூலகத்தில் ஆண்டுச் சரிபார்ப்பு. அடுக்கு அடுக்காக எண்ணினோம். இரண்டு அகராதிகளைக் காணவில்லை.

நேற்று நான் என்ன சொல்லியிருக்க முடியும்? அவளுக்குத் தெரிந்தது அவள் கண்ணுக்கு. எனக்குத் தெரியாதது என் கண்ணுக்கு. ஒருத்திக்காக இன்னொருத்தி எப்படிப் பேச முடியும்?

இந்தப் பத்தியைத் திருப்பிப் படித்தேன். வக்கீல் எழுதியது போல இருக்கிறது.

மே 19, வெள்ளி

தனியாகப் போனேன். ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்க்கக்கூடாது. சற்று விலக்கிக் கடைக்கண்ணால் பார்த்தால் கூடுதலாகத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்போம். ரெஜினாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

சிலுவையின் வலக்கையை நேராகப் பார்த்தேன். இருந்தது. பார்வையைச் சற்று விலக்கினேன். போய்விட்டது. இது ஐந்தாவதைவிட இரண்டு மடங்கு ஒளி உள்ள நட்சத்திரம். திரும்ப நேராகப் பார்த்தேன். இருந்தது. விலக்கினேன். இல்லை. பத்து முறை செய்தேன். பத்து முறையும் அப்படியே.

நட்சத்திரத்தில் கோளாறு என்றால் எப்படிப் பார்த்தாலும் மங்கலாக இருக்க வேண்டும். நான் பார்வையை விலக்கும்போது மட்டும் அது அணைய வேண்டிய அவசியம் இல்லை.

உப்புப் பாத்தியின் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சாலை விளக்குகள் திரும்ப எரியும்வரை எழுந்திருக்கவில்லை.

மே 22, திங்கள்

திருநெல்வேலியில் புத்தகக் கண்காட்சி என்று அம்மாவிடம் சொன்னேன். “நானும் வாரேன்” என்றாள். கண்காட்சியில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். சேலை மாற்றப் போய்விட்டாள். பேருந்தில் டிக்கெட் எடுக்கும்போது, “கண்ணாஸ்பத்திரி ஸ்டாப்புல எறக்கி விட்டுருங்க” என்று நடத்துநரிடம் அம்மாவே சொன்னாள். இருவரும் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஓர் இருட்டறை. பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது சிறிய ஒளி தோன்றினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. இது என் வேலை. மூன்று வருடமாகச் சம்பளமில்லாமல் இதைத்தானே செய்கிறேன்.

அழுத்தினேன். அழுத்தினேன். பிறகு நீண்ட இடைவெளி. எந்திரம் அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது போல என்று காத்திருந்தேன். மீண்டும் ஒன்று. மீண்டும் நீண்ட இடைவெளி.

முடிந்ததும் அங்கிருந்த பெண்ணிடம், “எந்திரம் அடிக்கடி நின்னு நின்னு ஓடுதே” என்றேன்.

“அது நிக்கவே இல்லம்மா” என்றாள் மெதுவாக. “ஆறு நிமிசமும் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு.”

டாக்டர் வயதில் என்னைவிட ஒன்றிரண்டு கூடியவளாக இருப்பாள். விழித்திரையில், இருட்டில் பார்க்க உதவும் செல்கள் ஒரு வளையம் போல அழிந்துகொண்டு வருகின்றன என்றாள். நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, பல வருடம் இருக்கும். இருட்டும் ஓரங்களும்தான் போகும். நிறுத்த மருந்தில்லை, சத்து மாத்திரை எழுதித் தருகிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரவேண்டும். மாலைக்கு மேல் வண்டி ஓட்டக்கூடாது. பிறகு அம்மாவிடம் கேட்டாள்: “சொந்தத்துல கல்யாணமா?”

“என் தாய்மாமன்” என்றாள் அம்மா. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவரை அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

திரும்பும்போது பேருந்தில் அம்மா பேசினாள். அவளுடைய சின்ன மாமா ஒருவருக்கும் இப்படித்தானாம். மாலைக்கண் என்று ஈரலும் கீரையுமாகக் கொடுத்தார்களாம். சரியாகவில்லை.

“ரெண்டு வருசமாத் தெரியும்ளா. தட்டுல கருவாடு இருக்கது தெரியாமத் தடவுவ. படி தெரியாமத் தடுக்குவ. நீ சொல்லுவன்னு பாத்தேன்.”

“நீ கேட்டிருக்கலாம்லா.”

“கேட்டா நெசமாயிருமேன்னு.”

அவள் தோளில் சாய்ந்து தூங்குவதுபோல் இருந்தேன்.

மே 23, செவ்வாய்

பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால் நூலகத்தில் கூட்டம். நாள் முழுக்க எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அதுதான் விசித்திரம்.

மே 25, வியாழன்

அறிக்கையின் நகலை அண்ணாச்சி அனுப்பியிருக்கிறார். பதினோரு பக்கம். “கூர்மையான பார்வைக்குப் பெயர்பெற்ற செல்வி சுயம்புக்கனி” என்று தொடங்குகிறது. ஒரு பத்தியில், “புதிய உறுப்பினர் ஒருவர் வழக்கமான ஒளியே தெரிவதாகக் கூறினார். அனுபவமின்மை காரணமாக அப்பதிவு தள்ளப்பட்டது” என்று இருக்கிறது.

சொல்லிவிட்டால் உப்பளச் சாலை எனக்கு இல்லை. சிலுவை இன்னொருவருக்குப் போகும். நல்ல கண் என்பதைத் தவிர என்னிடம் யாரும் எதையும் வியந்ததில்லை. சொல்லாவிட்டால் அண்ணாச்சியின் பெயர் மாநிலம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கும். முதல் தெளிவான இரவில் எவனாவது ஒருவன் தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். நட்சத்திரம் அங்கேயே இருக்கும்.

இரண்டையும் எழுதிப் பார்த்தால் முடிவு எளிதாகத் தெரிகிறது. எழுதிப் பார்ப்பதும் சொல்வதும் வேறு வேறு.

மே 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நான்கு மணிக்குக் கூட்டம், ஐந்துக்கு நிருபர். அண்ணாச்சி புதுச் சட்டை போட்டிருந்தார். அண்ணி முந்திரிக்கொத்து சுட்டிருந்தார்கள். அறிக்கையின் முதல் பக்கத்தைப் படிக்க அவர் கண்ணாடியை மாட்டியபோது நான் எழுந்தேன். முன்கூட்டித் தயார்செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

“அண்ணாச்சி, நட்சத்திரம் மங்கல. எனக்குத்தான் கண்ணு போகுது.”

யாருக்கும் புரியவில்லை. ஹமீது பாதிச் சிரிப்போடு நின்றுவிட்டான். பையிலிருந்து கண் பரிசோதனைத் தாளை எடுத்துக் கொடுத்தேன். வட்டத்துக்குள் கறுப்பாக ஒரு வளையம். அண்ணாச்சி அதையும் சுவரில் இருந்த தம்முடைய வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாலு வருசமும்?” என்றார்.

“ஆமா. நீங்க வரஞ்சது என் கண்ண.”

அவர் அறிக்கையைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். பதினோரு பக்கத்தைப் பற்றி, நிருபரைப் பற்றி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, “அந்த ரோட்டுல லைட்ட நானுல்லா அணைச்சு விட்டேன்” என்றார். “இத்தன நாளும் இருட்டுலயா வண்டி ஓட்டிட்டுப் போன? ஏ கனி, லாரி போற ரோடுளா அது. நான் பாவி, ஒனக்குத் தோதா இருக்கட்டும்னு அணைச்சு விட்டேனே.” கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

அப்போது நிருபரின் போன் வந்தது. அண்ணாச்சி எடுத்துத் தொண்டையைச் செருமினார். “இல்ல தம்பி, வர வாண்டாம். நட்சத்திரத்துக்கு ஒண்ணுமில்ல. அது நல்லாருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “எங்க கணக்குலதான் தப்பு” என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

பிறகு நான் முகத்தைத் திருப்பாமல், பக்கத்தில் இருந்த ரெஜினாவிடம், அவள் சொன்னதுதான் சரி, 3.6 தான் என்றேன். அண்ணாச்சியும் தலையாட்டினார். திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது. நான் தாளை நீட்டியபோதே எழுந்து போய்விட்டாளாம். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் போனது எனக்குத் தெரியவில்லை. காலி நாற்காலியிடம்தான் இவ்வளவும் சொல்லியிருக்கிறேன்.

மே 31, புதன்

மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போனேன். ஊரில் வேறு நான்கு மெடிக்கல் இருக்கிறது. இங்கேதான் போனேன்.

ரெஜினா சீட்டை வாங்கிப் படித்தாள். மாத்திரையை எடுத்து, கவரில் காலை, இரவு என்று எழுதினாள். பெரிய எழுத்தில் எழுதினாள்.

“ஞாயித்துக்கிழம நீ இல்லாதப்ப சொன்னேன்” என்றேன். “நீ சொன்னதுதான் சரின்னு.”

“ஹமீது அண்ணன் சொன்னாக.”

“மன்னிச்சிரு ரெஜினா.”

அவள் நிமிர்ந்தாள். “கண்ணுக்கு நீங்க என்ன செய்வீக, அக்கா. அதுக்கு எதுக்கு மன்னிப்பு? அன்னைக்கி ரோட்டுல நான் சொல்லும்போது ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க.”

கடையில் வேறு ஒருவர் இருமல் மருந்துக்காக நின்றிருந்தார்.

“பாதி தெரியும்” என்றேன். “பயமா இருந்துச்சு.”

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அத்தன பேரு மத்தியில. ஆனா நான் சொன்னேன்லா.”

இருமல் மருந்துக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் கவரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்குமேல் இன்று எழுத ஒன்றுமில்லை. அவள் சொன்னதில் திருத்தம் செய்ய ஓர் எழுத்துகூட இல்லை.

ஜூன் 5, திங்கள்

ஸ்கூட்டியை ஹமீதின் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். திருநெல்வேலி டாக்டர் போனில் பேசினாள். நான் சொன்ன பதிவுத் தாள்கள் நிஜமாகவே இருக்கின்றனவா, நாள் வாரியாகவா என்று இரண்டு முறை கேட்டாள். கண் மங்குவதை இப்படி எண் போட்டு எழுதிவைத்த நோயாளியை அவள் பார்த்ததில்லையாம். அண்ணாச்சி எல்லாவற்றையும் நகலெடுத்து, பைண்டு செய்து, தாமே பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பதினோரு பக்க அறிக்கையைவிடக் கனமாக இருந்ததாம்.

ஜூன் 11, ஞாயிறு

ஏழு மணிக்கு வாசலில் ஹார்ன் சத்தம். அம்மா எட்டிப் பார்த்து, “மெடிக்கல் பிள்ள வந்திருக்கு” என்றாள்.

ரெஜினா வண்டியை விட்டு இறங்கவில்லை. “தென்சிலுவைய என்னயப் பாக்கச் சொல்லிட்டாக அண்ணாச்சி. ரோட்டுல தனியா நிக்க எங்க வீட்டுல விடமாட்டாக. வாரியளா?”

கோபம் போய்விட்டதா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. அரையிருட்டு. குரலில் கொஞ்சம் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

உப்பளச் சாலையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி இப்போது அணைப்பதில்லை. பாத்திகளுக்கு நடுவே வண்டிப்பாதையில் அவள் என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். விளக்குகள் தூரத்தில் சிறுத்தன. தென்மேற்குக் காற்று உப்பை முகத்தில் அடித்தது. நேர் தெற்கில் சிலுவை நிமிர்ந்து நின்றது.

அவள் தாளை எடுத்து, எனக்குக் காட்டாமல் திரும்பி நின்று எழுதினாள். நான் சும்மா நின்றேன்.

“ஒங்க தாளு எங்க?”

“நான் எதுக்கு? அதான் நீ பாக்கியே.”

“அண்ணாச்சி ரெண்டு தாள் குடுத்து விட்டிருக்காக. டாக்டரம்மாவுக்கு ஒண்ணு வேணுமாம்.” இன்னொரு தாளையும் பேனாவையும் என் கையில் வைத்தாள். செல்போனின் சிவப்பு வெளிச்சத்தைத் தாளின்மேல் பிடித்தாள். “என் நம்பரக் கேக்காதீக. சொல்ல மாட்டேன்.”

அடி நட்சத்திரம். இடக்கை. உச்சி. ஒவ்வொன்றையும் நேராகப் பார்த்து எண் எழுதினேன். வலக்கைக்கு நேரம் எடுத்தது. காற்றில் கண்ணில் நீர் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ரெஜினா அவசரப்படுத்தவில்லை. வலக்கை வந்தது, போனது, மறுபடி வந்து நின்றது.

ஐந்தாவதின் கட்டத்தில் “தெரியவில்லை” என்று எழுதினேன். அதன் கீழே, மொத்தம் என்ற இடத்தில், நான்கு.

தாளை மடித்து அவளிடம் கொடுத்தேன்.